திரும்பிப் பார்த்தவன் கதை: பாரீஸ் ஓபரா மேடையில் கிரேக்கப் புராணங்கள்

ஓர்ஃபியஸ் கதையைப் பள்ளிக்கூடத்துத் துணைப்பாடப் புத்தகத்திலாவது பலர் படித்திருப்பீர்கள். மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர்ஃபியஸ் பெரிய பாடகன். அவன் யாழை மீட்டினால் மிருகங்களும் மரங்களும் கூட அசையும். கல்யாணமான புதிதிலேயே அவன் மனைவி யூரிடிஸ் பாம்பு தீண்டிச் செத்துப் போனாள். பாதாள லோகத்துக்கே இறங்கிப் போய்ப் பாடி, அங்கிருந்த அரசனையும் அரசியையும் உருக வைத்து, அவளைத் திரும்பக் கேட்டான். அவர்களும் கொடுத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. மேலே போய்ச் சேரும்வரை அவளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் பார்த்தான். அவள் போய்விட்டாள். கதை அவ்வளவுதான்.

இந்தக் கதை 1774-இல் பாரீஸ் மேடைக்கு வந்தபோது முடிவில் யூரிடிஸ் உயிர் பெற்று எழுந்துவிட்டாள். 1858-இல் அதே ஊரில் இன்னொரு மேடையில், கணவனிடமிருந்து தப்பித்தோம் என்று சந்தோஷமாகப் பாதாளத்துக்குப் போனாள். மூலக்கதையில் இரண்டுமே கிடையாது. அப்படியானால் முடிவை மாற்றியது யார், எதற்காக?

தூக்கம் வராத இரவுகளில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு பழைய ஓபரா ஒலிப்பதிவுகளைக் கேட்கும் பழக்கம் எனக்குச் சில ஆண்டுகளாக உண்டு. பிரெஞ்சு மொழி தெரியாது. கதையைப் படித்து வைத்துக்கொண்டு கேட்பேன். கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்பதாலோ என்னவோ, பாட்டுக்குப் பின்னால் இருந்த உரிமப் பத்திரங்களும் சம்பளக் கணக்குகளும்தான் என் கண்ணில் முதலில் பட்டன. இந்தக் கட்டுரையும் அங்கிருந்தே தொடங்குகிறது.

பிரான்ஸில் ஓபரா ஓர் அரசாங்க லைசென்ஸில் பிறந்த கலை. இத்தாலியில் 1600-ஐ ஒட்டியே ஓபரா வந்துவிட்டது. பிரெஞ்சு மொழியில் முழுக்க முழுக்கப் பாடி நடிக்கும் நாடகம் சாத்தியமா என்ற சந்தேகம் மட்டும் ரொம்ப நாள் தீரவில்லை. 1669-இல் பியேர் பெரென் என்ற கவிஞர் பதினான்காம் லூயி மன்னரிடம் அதற்கென ஒரு தனி உரிமை வாங்கினார். 1671-இல் காம்பேர் என்பவரின் இசையில் 'பொமோன்' என்ற ஓபராவைப் போட்டார். ஜனங்கள் வந்தார்கள். வசூலும் ஆனது. ஆனால் கூட்டாளிகள் அவரை ஏமாற்றிவிட்டார்கள். கடன்காரர்கள் பெரெனைச் சிறையில் தள்ளினார்கள்.

அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தவர் லுல்லி. இவர் பிரெஞ்சுக்காரரே இல்லை. இத்தாலியில் ஃபுளாரன்ஸ் நகரத்தில் ஒரு மாவு மில்காரரின் மகன். பிரெஞ்சு இளவரசி ஒருத்திக்கு இத்தாலி மொழி பேசிப் பழகத் துணையாகச் சிறுவயதில் அழைத்து வரப்பட்டவர். வயலின், நாட்டியம், கோமாளித்தனம் எல்லாம் கைவந்த ஆள். இளைஞராக இருந்த மன்னரோடு சேர்ந்து அரண்மனை பாலேக்களில் ஆடியே மேலே வந்தார். சிறையில் கிடந்த பெரெனிடமிருந்து உரிமையை விலைக்கு வாங்கி, 1672-இல் மன்னரிடம் தன் பேருக்குப் புது சாசனம் எழுதி வாங்கிக்கொண்டார். அவர் ஆயுள் முழுவதும், பிறகு அவர் பிள்ளைகளுக்கும் செல்லுபடியாகும் சாசனம். லுல்லியின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் பிரான்ஸ் நாட்டில் யாரும் ஒரு முழு நாடகத்தை இசையோடு போட முடியாது.

அதோடு நிற்கவில்லை. மற்ற நாடகக் கம்பெனிகள் எத்தனை பாட்டுக்காரர்களை, எத்தனை வாத்தியக்காரர்களை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் உத்தரவு வந்தது. 1673-இல் அந்த எண்ணிக்கை 2 பாடகர், 6 வயலின் என்று சுருங்கியது. இதில் அடிபட்டவர்களில் முக்கியமானவர் மோலியேர். ஏழெட்டு வருஷம் லுல்லியும் அவரும் சேர்ந்து நாடகம் போட்டவர்கள். இருவரும் மன்னரைச் சிரிக்க வைத்தவர்கள். 1673 பிப்ரவரியில் மேடையில் நடித்துவிட்டு வீட்டுக்குப் போன மோலியேர் அன்றிரவே இறந்தார். சில வாரங்களுக்குள் அவருடைய கம்பெனி நடித்துக்கொண்டிருந்த பாலே ராயால் அரங்கம் லுல்லியின் கைக்குப் போனது. கம்பெனிக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு கட்டடம் தேடிப் போனார்கள். லுல்லியின் இசையை நான் விரும்பிக் கேட்கிறேன். ஆனால் இந்த ஆள் நம் அலுவலகத்தில் இருந்திருந்தால் அவர் பக்கத்து மேஜையில் உட்கார எனக்குத் தைரியம் இருந்திருக்காது.

லுல்லிக்குக் கதை எழுதிக் கொடுத்தவர் பிலிப் கினோ. ஓர் ஓபராவுக்கு 4,000 லிவ்ர் அவருக்குச் சம்பளம். இருவரும் சேர்ந்து 1673-இலிருந்து ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்று என்று போட்டார்கள். 'காட்மஸ்', 'அல்செஸ்த்', 'தெசே', 'அத்திஸ்', 'ஈசிஸ்' என்று பட்டியல் போகும். 1680-க்குப் பிறகு 'ப்ரோசெர்பின்', 'பெர்செ', 'ஃபேத்தோன்'. பெரும்பாலும் கிரேக்கப் புராணம்தான், ரோமானியக் கவி ஓவிட் சொன்ன வடிவத்தில்.

ஏன் கிரேக்கக் கதை? சரித்திரக் கதை வேண்டாம், பைபிள் கதை வேண்டாம் என்று வைத்ததில் ஒரு சௌகரியம் இருந்தது. சாதாரண மனிதன் எழுந்து நின்று பாடினால் ஏன் பாடுகிறான் என்று கேள்வி வரும். தேவதைகள் பாடினால் யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டாவது காரணம், மேடை எந்திரம். கயிறு, கப்பி, எதிர் எடை வைத்து மேகத்தில் ஒரு தேவனை இறக்குவது, ரதத்தை வானத்தில் ஓட விடுவது, அரக்கனைப் பூமிக்குள்ளிருந்து எழுப்புவது ஆகியவையெல்லாம் அன்றைக்குக் காசு கொடுத்து வந்தவர்கள் பார்க்க ஆசைப்பட்ட காட்சிகள். மெழுகுவத்தி வெளிச்சத்தில், ஜிகினாப் பட்டை ஒட்டிய மேகத்தில் ஜுப்பிட்டர் இறங்கி வருவதை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. மன்னரைப் புகழ்வதற்குப் புராணம் தோதாக இருந்தது. ஒவ்வோர் ஓபராவும் ஒரு முன்னுரைக் காட்சியோடு தொடங்கும். அதில் புகழ், அமைதி, வெற்றி என்ற தேவதைகள் வந்து, பேர் சொல்லாமல் ஒரு மாவீரனைப் போற்றிப் பாடுவார்கள். யாரைப் பாடுகிறார்கள் என்பது சபையில் உட்கார்ந்திருந்த அனைவருக்கும் தெரியும். அந்த மாவீரனும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. முன்னுரையில் மாவீரன் என்றால் மன்னர் என்று பழக்கப்படுத்திவிட்டால், கதைக்குள்ளே வரும் ஜுப்பிட்டரையும் மன்னர் என்றுதானே ஜனங்கள் பார்ப்பார்கள்?

1677 ஜனவரியில் அதுதான் நடந்தது. சான் ஜெர்மேன் அரண்மனையில் 'ஈசிஸ்' அரங்கேறியது. கதை இது. ஜுப்பிட்டர் ஈயோ என்ற பெண்ணை விரும்புகிறான். அவன் மனைவி ஜூனோ பொறாமையில் துடிக்கிறாள். ஈயோவைக் காவலில் வைக்கிறாள், உறைபனி நாட்டுக்கும் உலைக்கள நாட்டுக்கும் துரத்தித் துரத்தி வதைக்கிறாள். கடைசியில் ஜுப்பிட்டர் இனி ஈயோவை விட்டுவிடுகிறேன் என்று சத்தியம் செய்ய, ஈயோ எகிப்தில் ஈசிஸ் என்னும் தெய்வமாகிறாள். அந்தச் சமயத்தில் மன்னரின் ஆசைநாயகியாகக் கோலோச்சியவர் மதாம் மோந்தெஸ்பான். மன்னரின் கண் புதிதாக மதாம் லுத்ர் என்ற பெண்ணின் மேல் விழுந்திருந்தது. நாடகம் முடிவதற்குள்ளேயே ஈயோ யார், ஜூனோ யார் என்று அரண்மனை முழுக்கக் கிசுகிசு. மோந்தெஸ்பானுக்குக் கோபம் தலைக்கேறியது.

தண்டனை கினோவுக்கு. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் ஒதுக்கி வைக்கப்பட்டார். அடுத்த இரண்டு ஓபராக்களுக்கும் கதை எழுதியவர் தொமா கொர்னேய். 1680-இல் 'ப்ரோசெர்பின்' வந்தபோதுதான் கினோ திரும்பினார். லுல்லிக்கு ஒன்றும் ஆகவில்லை. இசைக்கு அர்த்தம் கிடையாது, வார்த்தைக்குத்தான் உண்டு என்பது அதிகாரத்தின் கணக்கு. கினோ வேண்டுமென்றே எழுதினாரா? எனக்குத் தோன்றவில்லை. 4,000 லிவ்ர் சம்பளக்காரர், குடும்பஸ்தர், அப்படித் துணிந்திருப்பார் என்று நம்புவது கஷ்டம். புராணம் பழையது. பார்க்கிறவர்கள்தான் அதில் தங்கள் வீட்டுச் சங்கதியைக் கண்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த 'ஈசிஸ்' ஓபராவில் குளிரில் நடுங்கும் ஜனங்களின் கோஷ்டிப் பாட்டு ஒன்று இருக்கிறது. குரலே நடுங்கும்படி ஸ்வரங்களை விட்டு விட்டுப் பாட வைத்திருக்கிறார் லுல்லி. சங்கீதக்காரர்கள் மத்தியில் இந்த ஓபராவுக்கு அவ்வளவு மதிப்பு வந்ததற்கு அதுவும் காரணம். அதற்கு முந்திய ஆண்டு வந்த 'அத்திஸ்' மன்னருக்குப் பிடித்த ஓபரா என்று பேர் வாங்கியது. அதில் ஆச்சரியம் என்னவென்றால், 'அத்திஸ்' மங்களமாக முடிவதில்லை. தேவி சிபெல் தன்னை மறுத்த அத்திஸைப் பைத்தியமாக்குகிறாள். அவன் தன் காதலியையே கொன்று, தெளிந்ததும் தன்னையும் மாய்த்துக்கொள்கிறான். தேவி அவனைப் பைன் மரமாக்கிவிட்டு அழுகிறாள். எல்லா அதிகாரமும் கையில் இருந்தும் விரும்பியது கிடைக்காத ஒருத்தியின் அழுகை அது. பதினான்காம் லூயி அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்க விரும்பினார் என்பது எனக்கு யோசிக்க வேண்டிய விஷயமாகப் படுகிறது.

லுல்லியின் முடிவு பலருக்கும் தெரிந்த கதை. அறுவை சிகிச்சையிலிருந்து மன்னர் தேறியதைக் கொண்டாட 1687 ஜனவரியில் ஒரு தேவாலயத்தில் இசை நடத்தினார். அந்தக் காலத்தில் தாளம் காட்ட நீளமான தடியால் தரையில் தட்டுவார்கள். தடி அவர் கால் விரலில் விழுந்தது. புண் அழுகியது. காலை வெட்ட வேண்டும் என்றார்கள். ஆடிய காலாயிற்றே, சம்மதிக்கவில்லை. மார்ச் 22-ஆம் தேதி இறந்தார். அவர் உயிரோடு இருந்தவரை ஓபரா அரங்கத்துப் பக்கமே வர முடியாமல் இருந்தவர்களில் ஒருவர் சார்பான்தியே. மோலியேரின் கடைசி நாடகத்துக்கு இசை அமைத்து, லுல்லியின் உத்தரவால் அதை வெட்டிச் சுருக்க வேண்டி வந்தவர். அவருடைய 'மெதெ' 1693-இல்தான் ஓபரா அரங்கத்தில் ஏறியது. பெற்ற பிள்ளைகளைக் கொன்று ரதத்தில் பறக்கும் மெதீயாவின் கதை. அதற்குப் பிறகு அவருக்கு அங்கே இன்னொரு வாய்ப்பு கிடைக்கவில்லை.

அடுத்த தலைமுறையில் ராமோ. ஐம்பது வயதில் முதல் ஓபரா எழுதியவர். அதுவரை இசை இலக்கண நூல்கள் எழுதியவர், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். பணி ஓய்வு பெற்ற பிறகு எழுத வந்த எங்களைப் போன்றவர்களுக்கு அவர் மேல் தனி வாஞ்சை. 1733-இல் வந்த 'இப்போலீத் எ அரிசி' ஃபேத்ரா கதை. மாற்றாந்தாய் மகன் மேல் ஆசை வைத்த ஃபேத்ரா, தகப்பன் தெசியஸின் சாபம், கடலிலிருந்து வரும் அரக்கன். மூலத்தில் மகன் செத்துப் போகிறான். இங்கே டயானா தேவி அவனைக் காப்பாற்றி அரிசி என்ற பெண்ணோடு சேர்த்து வைக்கிறாள். பாதாளத்தில் விதி தேவதைகள் மூவர் பாடும் பாட்டு ஒன்றைப் பாடகர்களால் பாடவே முடியவில்லை. ஒத்திகையில் மல்லுக்கட்டிவிட்டு நீக்கிவிட்டார்கள். இன்றைய ஒலிப்பதிவுகளில் அதைக் கேட்கலாம். காலடியில் தரை நழுவுகிற மாதிரி இருக்கும். லுல்லி பக்தர்கள் இதென்ன சத்தம் என்று கொதித்தார்கள். லுல்லி கட்சி, ராமோ கட்சி என்று ஊர் இரண்டுபட்டது.

ராமோவின் 'ப்ளாத்தே' பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 1745-இல் பட்டத்து இளவரசருக்கும் ஸ்பெயின் நாட்டு இளவரசிக்கும் கல்யாணம். வெர்சாய் அரண்மனைக் கொண்டாட்டத்தில் இதைப் போட்டார்கள். கதை என்ன தெரியுமா? ப்ளாத்தே சதுப்பு நிலத்தில் தவளைகளோடு வாழும் அவலட்சணமான ஒரு தேவதை. தான் பேரழகி என்று நினைப்பு. ஜூனோவின் பொறாமையைத் தீர்க்க, ஜுப்பிட்டர் அவளைக் கல்யாணம் செய்துகொள்வது போல் நாடகம் ஆடுகிறான். கடைசியில் முகத்திரையை விலக்கி எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தப் பாத்திரத்தை நடித்ததும் ஓர் ஆண் பாடகர். வந்திறங்கிய மணப்பெண் அழகி அல்ல என்று அரண்மனையில் பேச்சு இருந்தது. அவள் முன்னால் இந்தக் கதையை வைத்தார்கள்! யாரும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை. ராமோவுக்கு அந்த ஆண்டே அரண்மனை இசையமைப்பாளர் பதவியும் ஓய்வூதியமும் கிடைத்தன. அடுத்த ஆண்டு அந்தப் பெண் பிரசவத்தில் இறந்து போனாள். இசை அபாரம். தவளைச் சத்தம், கழுதைக் கனைப்பு எல்லாம் வாத்தியத்திலேயே வரும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்தக் கல்யாணப் பெண்ணின் ஞாபகம் குறுக்கே வந்துவிடுகிறது. மோந்தெஸ்பான் கோபப்பட்டால் எழுத்தாளன் வேலை போகும். ஊருக்குப் புதிதாக வந்த இளம்பெண்ணுக்கு அந்தச் சலுகை இல்லை.

இனி குளூக். ஜெர்மன் தேசத்துக்காரர், வியன்னா அரண்மனையில் இருந்தவர். அங்கே சிறுமியாக இருந்த மேரி அன்டாய்னெட்டுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்தவர். அந்தச் சிறுமி 1770-இல், 14 வயதில், இரண்டு நாட்டு உறவைக் காப்பாற்றுவதற்காக பிரான்ஸ் பட்டத்து இளவரசருக்கு மணம் முடித்து அனுப்பப்பட்டாள். மூன்று ஆண்டு கழித்து குளூக் பாரீஸுக்கு வந்தபோது அவருக்கு ஆதரவாக நின்றது இந்தப் பழைய மாணவிதான். குளூக்கின் ஒரு ஓபரா போதும், எங்களிடம் இருக்கும் பழையதெல்லாம் செத்துவிடும், ஆகவே ஒன்று போதாது ஆறு எழுதித் தர வேண்டும் என்று ஓபரா நிர்வாகி நிபந்தனை போட்டதாகச் சொல்வார்கள். நல்ல நிர்வாகி.

குளூக் எடுத்துக்கொண்ட கதை, ஔலிஸ் துறைமுகத்தில் நடக்கும் இஃபிஜீனியாவின் கதை. டிராய் நகரத்தின் மேல் படையெடுக்கக் கிரேக்கக் கப்பல்கள் காத்து நிற்கின்றன. காற்று இல்லை. சேனாதிபதி அகமெம்னன் தன் மகளைப் பலி கொடுத்தால் காற்று வீசும் என்கிறாள் டயானா. அக்கிலிஸோடு கல்யாணம் என்று பொய் சொல்லி மகளை வரவழைக்கிறார்கள். இதே கதையைச் சரியாக நூறு ஆண்டு முன்பு, 1674-இல், ரசீன் நாடகமாக எழுதியிருந்தார். அதைத்தான் சுருக்கிப் பாட்டாக்கினார்கள்.

ஒத்திகை ஆறு மாதம். கோஷ்டிப் பாடகர்கள் அதுவரை ஆண்கள் ஒருபுறம் பெண்கள் ஒருபுறம் வரிசையாகச் சிலை மாதிரி நின்று பாடுவார்களாம். அவர்களை நடிக்க வைத்தார் குளூக். பிரபல நாட்டியக்காரர் வெஸ்திரிஸ் தனக்குக் கடைசியில் ஒரு 'ஷகோன்' ஆட்டம் வேண்டும் என்று அடம்பிடித்ததாகவும், கிரேக்கர்களிடம் ஷகோன் ஏது என்று குளூக் கேட்க, அப்படியா, பாவம் அவர்கள் என்று வெஸ்திரிஸ் பதில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. அரங்கேற்ற நாளில் ஒரு பாடகருக்கு உடம்பு சரியில்லை. மாற்று ஆளை வைத்துப் போடச் சொன்னார்கள். முடியாது என்றார் குளூக். அரச குடும்பம் வருவதாக ஏற்பாடாகியிருந்த நிகழ்ச்சி தள்ளிப் போனது. ஏப்ரல் 19 அன்று அரங்கேறியது. மூன்று வாரத்தில் பதினைந்தாம் லூயி அம்மை கண்டு இறந்தார். அரங்கங்கள் மூடப்பட்டன. திறந்தபோது மேரி அன்டாய்னெட் ராணி.

ஆகஸ்டில் ஓர்ஃபியஸ் வந்தான். வியன்னாவில் 1762-இல் இத்தாலிய மொழியில் எழுதியதைத் திருத்தி, பிரெஞ்சுக்கு மாற்றியிருந்தார். வியன்னாவில் நாயகன் பாத்திரத்தைப் பாடியது, சிறுவயதில் ஆண்மை நீக்கப்பட்டு உயர்ந்த குரலோடு வளர்க்கப்பட்ட பாடகர். பிரெஞ்சு மேடை அந்த வழக்கத்தை ஏற்றதில்லை. ஆகவே லெக்ரோ என்ற உச்சஸ்தாயி ஆண் குரலுக்காக மாற்றி எழுதினார். ஆரம்பக் காட்சியில் சமாதி முன்னால் எல்லோரும் ஒப்பாரி வைக்க, ஓர்ஃபியஸ் 'யூரிடிஸ்' என்று மூன்று முறை கூப்பிட வேண்டும். லெக்ரோ அழகாகப் பாடினாராம். 'உன் எலும்பை யாரோ ரம்பம் வைத்து அறுக்கிற மாதிரி கத்து' என்ற பொருளில் குளூக் சொன்னார் என்பார்கள்.

அவன் திரும்பிப் பார்த்து அவள் விழுந்த பிறகு வரும் பாட்டுதான் உலகப் புகழ் பெற்றது. யூரிடிஸை இழந்துவிட்டேன் என்று தொடங்குவது. அந்தப் பாட்டில் ஒரு வினோதம். மேல்நாட்டுச் சங்கீதத்தில் 'மேஜர்' என்பது பொதுவாக மகிழ்ச்சிக்கும் 'மைனர்' என்பது துக்கத்துக்கும் என்று சொல்வார்கள். இந்தத் துக்கப் பாட்டு மேஜரில் இருக்கிறது. இதே மெட்டில் 'யூரிடிஸைக் கண்டுகொண்டேன்' என்று பாடினாலும் பொருந்துமே என்று அன்றே கேலி செய்தார்கள். எண்பது ஆண்டு கழித்து ஹான்ஸ்லிக் என்ற வியன்னா விமர்சகர் அதையே ஆதாரமாக வைத்து, இசைக்குத் தனியாக உணர்ச்சி கிடையாது என்று வாதாடினார். எனக்கு அந்த வாதம் ஒப்பவில்லை. சாவு வீட்டுக்குப் போனால் பெரிய துக்கத்தில் இருப்பவர்கள் பல நேரம் மிகச் சாதாரணக் குரலில், காபி சாப்பிட்டீர்களா என்று கேட்கிற மாதிரிதான் பேசுவார்கள். அழுகைக் குரலைவிட அதுதான் நம்மை உடைக்கும். குளூக் அதைக் கேட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு அமூர், அதாவது காதல் தேவன், வந்து யூரிடிஸை உயிர்ப்பித்து விடுகிறான். அரண்மனை விழாவுக்கு எழுதிய கதை துக்கமாக முடியலாகாது என்பது வழக்கம். பாரீஸில் கடைசியில் நீண்ட பாலேயும் சேர்ந்துகொண்டது. இஃபிஜீனியா கதையிலும் அதேதான். தேவி மனமிரங்கி அவளை விட்டுவிடுகிறாள். முதலில் பூசாரி வாயால் சொல்ல வைத்த குளூக், 1775-இல் டயானாவையே மேடையில் இறக்கினார்.

அந்த 1775 ஜனவரி நிகழ்ச்சிக்குத்தான் புது ராணி வந்திருந்தாள். இரண்டாவது அங்கத்தில் இஃபிஜீனியாவை வரவேற்று, நம் ராணியைப் பாடிப் போற்றுவோம் என்று ஒரு கோஷ்டிப் பாட்டு உண்டு. அக்கிலிஸாக நடித்தவர் சபையில் ராணி உட்கார்ந்திருந்த பக்கமாகத் திரும்பி அதைப் பாடினார். அரங்கமே எழுந்து கைதட்டி மறுபடியும் பாடச் சொன்னது. மேரி அன்டாய்னெட் கண்கலங்கினாள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அன்று அவளுக்கு வயது 19.

கதையில் அந்தப் பாட்டு யாருக்குப் பாடப்படுகிறது என்று கவனித்தீர்களா? கல்யாணம் என்று சொல்லிப் பலிக்கு வரவழைக்கப்பட்ட பெண்ணுக்கு. கைதட்டியவர்களில் யாராவது அதை நினைத்திருப்பார்களா தெரியாது. நான் முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் உட்கார்ந்திருந்தேன்.

பதினைந்து ஆண்டு கழித்து, 1790 டிசம்பரில், அதே ஓபரா, அதே பாட்டு. புரட்சி வந்து ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. ராணி அரங்கத்தில் இல்லை. ராஜ விசுவாசிகள் வேண்டுமென்றே எழுந்து மறுபடியும் பாடு என்று கத்தினார்கள். எதிர்த்தரப்பு கூச்சலிட்டது. மேல்வகுப்பு இருக்கைகளை நோக்கி ஆப்பிள்கள் பறந்தன. மூன்று ஆண்டுகளுக்குள், 1793 அக்டோபர் 16 அன்று, அவளைக் கில்லட்டினுக்குக் கொண்டு போனார்கள். எந்த டயானாவும் இறங்கி வரவில்லை.

இடையில் குளூக் கட்சி, பிச்சினி கட்சி என்று இன்னொரு சண்டை நடந்தது. இத்தாலியிலிருந்து வரவழைக்கப்பட்ட பிச்சினி சாது. இருவரும் ஒரே கதைக்கு, டாரிஸ் தேசத்தில் பூசாரியாக இருக்கும் இஃபிஜீனியாவின் கதைக்கு, இசை எழுதினார்கள். குளூக்கினுடையது 1779-இல் வந்து பெருவெற்றி. பிச்சினியுடையது 1781-இல் வந்தது. இரண்டாம் நாள் கதாநாயகி குடித்துவிட்டு மேடையில் தள்ளாடினாள். இது டாரிஸ் இஃபிஜீனியா இல்லை, ஷாம்பேன் இஃபிஜீனியா என்று ஊர் சிரித்தது. குளூக் 1787-இல் வியன்னாவில் இறந்தபோது அவர் நினைவாக ஆண்டுதோறும் கச்சேரி நடத்த வேண்டும் என்று யோசனை சொன்னவர் பிச்சினிதான். சண்டை ரசிகர்களுடையது.

இப்போது 1858-க்கு வந்துவிடலாம். மன்னர்கள் போய், நெப்போலியன் போய், மூன்றாம் நெப்போலியன் காலம். ஆனால் லைசென்ஸ் போகவில்லை. லுல்லி காலத்து வழக்கம் புது உடுப்பு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எந்தத் தியேட்டரில் என்ன மாதிரி நாடகம், எத்தனை பேர் என்றெல்லாம் அரசாங்கம் தீர்மானித்தது. ஓஃபென்பாக் என்ற செல்லோ வித்வான் 1855-இல் ஒரு சின்னத் தியேட்டர் தொடங்கியபோது மேடையில் பேசும் பாத்திரம் மூன்று நான்குக்கு மேல் கூடாது என்று அனுமதிப் பத்திரம். ஒரு நாடகத்தில் கூடுதலாக ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. அவனை நாக்கு அறுபட்ட வீரன் என்று வைத்துச் சைகையிலேயே ஓட்டினார்! கடைசியில் கட்டுப்பாடு தளர்ந்ததும் முதல் வேலையாகப் பெரிய கூட்டத்தோடு ஒரு நாடகம் போட்டார். அதுதான் 'பாதாளத்தில் ஓர்ஃபியஸ்'. 1858 அக்டோபர் 21.

இதில் ஓர்ஃபியஸ் ஒரு வயலின் வாத்தியார். மனைவிக்கு அவன் வாசிப்பைக் கேட்டாலே குமட்டல். பாதாள ராஜன் புளூட்டோ அவளைக் கொண்டு போனதில் இருவருக்குமே நிம்மதி. ஆனால் 'பொதுஜன அபிப்பிராயம்' என்ற பாத்திரம் வந்து, ஊர் என்ன சொல்லும், போய் மனைவியை மீட்டு வா என்று ஓர்ஃபியஸை விரட்டுகிறாள். தேவலோகத்தில் எல்லோரும் தூங்கி வழிகிறார்கள். ஜுப்பிட்டர் ஈயாக மாறி யூரிடிஸ் அறைக்குள் சாவித் துவாரம் வழியாக நுழைகிறான். கடைசியில் ஓர்ஃபியஸ் திரும்பிப் பார்க்காமல் ஒழுங்காக நடந்து வர, ஜுப்பிட்டர் ஓர் இடியை எறிந்து அவனைத் திடுக்கிட்டுத் திரும்ப வைக்கிறான். எல்லோரும் 'கான்கான்' ஆடுகிறார்கள். அந்த மெட்டை நீங்கள் ஏதாவது சர்க்கஸிலோ விளம்பரத்திலோ கேட்டிருப்பீர்கள்.

ஆரம்பத்தில் சுமாரான வசூல். ஜூல் ஜனேன் என்ற பெரிய விமர்சகர், புனிதமான பழமையை அவமதித்துவிட்டார்கள் என்று பத்திரிகையில் கொதித்து எழுதினார். அவ்வளவுதான், டிக்கெட் கிடைக்கவில்லை. 228 நாள் ஓடியது. 1860-இல் மூன்றாம் நெப்போலியனே பார்த்தார். ஆசைநாயகிகள் விஷயத்தில் அவரும் ஜுப்பிட்டர்தான். யாருக்கும் வேலை போகவில்லை. கினோ இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

அந்த நாடகத்தில் ஓரிடம். தேவர்கள் சபையில் ஓர்ஃபியஸ் தன் மனைவியைத் திருப்பிக் கேட்க வேண்டும். விருப்பம் இல்லை, ஆனால் பொதுஜன அபிப்பிராயம் பக்கத்தில் நிற்கிறாள். என்ன செய்வான்? குளூக்கின் அந்தப் பாட்டையே எடுத்து இரண்டு வரி பாடுகிறான். சபை சிரித்தது.

மறு ஆண்டு, 1859 நவம்பரில், அதே ஊரில் தியேட்டர் லிரிக் அரங்கில் குளூக்கின் ஓர்ஃபியஸ் மறுபடியும் வந்தது. பெர்லியோஸ் பழைய வியன்னா வடிவத்தையும் பாரீஸ் வடிவத்தையும் சேர்த்துச் செப்பனிட்டுக் கொடுத்தார். ஓர்ஃபியஸாகப் பாடியவர் பொலின் வியார்தோ என்ற பெண். வயது 38. குரல் உச்சத்தைத் தாண்டிவிட்டது என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். நூறு தடவைக்கு மேல் அரங்கு நிறைந்தது. எந்த மெட்டுக்குப் போன வருஷம் வரை சிரித்தார்களோ, அதே மெட்டுக்கு இங்கே அழுதார்கள். இரண்டு அரங்கத்துக்கும் போனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.